கேட்காமல் போட்ட மூன்று

ஊசி போட்டாயிற்று. மணி இரண்டு நாற்பது. இனி அரைமணி நேரம் கழித்து, மூன்று பத்துக்கு, "இப்ப வலி எப்படி இருக்கு, பத்துக்கு எவ்வளவு?" என்று திரும்பக் கேட்டு அந்த எண்ணைக் கட்டத்துக்குள் எழுத வேண்டும். அதுதான் முறை, நர்சுகள் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிற தாளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் அந்த அரைமணி நேரமும் ஒரு நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்று இந்த ஆஸ்பத்திரிச் சரித்திரத்தில் கிடையாது. ரெக்ஸலின் உட்கார்ந்திருந்தாள். துண்டில் சுற்றிய ஐஸ் பையை சௌந்தரநாயகி டீச்சரின் இடது இடுப்பில், கட்டுக்குச் சற்றுக் கீழே, வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, வைத்தால் அது பாட்டுக்கு இருக்கும். கைக்கு ஏதாவது வேலை இல்லாவிட்டால் இந்த இடத்தில் உட்கார முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டீச்சர் கண்ணை மூடியிருந்தார். இரண்டு கால்களுக்கும் நடுவில் தடித்த தலையணை, கால் ஒன்றின் குறுக்கே ஒன்று போய்விடாமல் இருக்க. புது இடுப்பு மூட்டு, முந்தாநாள்தான் வைத்தது. உதடு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. நெற்றியில் இன்னும் வியர்வை. காற்றாடி தலைக்கு மேலே முழு வேகத்தில் சுற்றியும் வியர்வை என்றால் அது வெயிலுக்கு வந்த வியர்வை இல்லை. அதைச் சொல்லித் தர ஒரு நர்சிங் படிப்பு வேண்டுமா என்ன, வீட்டில் பச்சைப்பிள்ளையை வளர்த்த எந்தப் பொம்பளைக்கும் தெரியும். தெரிந்துதான் என்ன, நேற்றும் இதே நெற்றியில் இதே வியர்வை இருந்திருக்கும், அவள் பார்க்கவில்லை. கட்டில் காலில் தொங்கும் அட்டையைப் பார்த்தாள், எழுதினாள், போனாள்.

மூன்று. நேற்றுப் பத்து மணிக்கு மூன்று, இரண்டு மணிக்கு மூன்று, ஆறு மணிக்கு மூன்று. மூன்றையும் நேற்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஒரே மூச்சில் போட்டாள். இருபத்திரண்டு கட்டில், இரண்டு நர்ஸ், அதில் ஒருத்தி ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டால் ஒருத்தி. ரத்த அழுத்தத்தை அளக்காமல் எழுத முடியாது, காய்ச்சலைப் பார்க்காமல் எழுத முடியாது, பின்னால் வருகிறவள் கருவியை வைத்துப் பார்த்தால் மானம் போய்விடும். வலிக்குத்தான் கருவி கிடையாது. அதனால் வலிக் கட்டத்தை எல்லோரும் கடைசியில், மொத்தமாக, காபி குடித்துக்கொண்டே நிரப்புவார்கள். அவள் மட்டுமா? எல்லோரும்தான். இராத்திரி வேலைக்கு வந்தவள் அவள் போட்ட மூன்றைப் பார்த்து அதற்குக் கீழே இன்னும் மூன்று மூன்று போட்டாள். ஆக மொத்தம் வரிசையாக ஆறு மூன்று, கோலப் புள்ளி மாதிரி ஒழுங்காக. எல்லோரும்தான், எல்லோரும்தான் என்று உள்ளே ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சபையார் எல்லோரும் முழங்காலில் நின்று ஒரே ராகத்தில் பாவ அறிக்கை சொல்லும்போதும் இப்படித்தான், எல்லோரும் சேர்ந்து சொன்னால் யாருக்கும் சுடாது. சொல்லி முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் பக்கம் புரட்டிவிடலாம். இங்கே புரட்ட முடியவில்லை. ஐஸ் பை உள்ளங்கையைக் கடித்தது, அப்படியே பிடித்துக்கொண்டாள், கடிக்கட்டும். மணி இரண்டு நாற்பத்தாறு.

சும்மா சொல்லக் கூடாது, முதல் நாள் ஒரு தடவை கேட்கத்தான் கேட்டாள். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த அன்று சாயங்காலம். "டீச்சர், பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாத வலி. உங்களுக்கு எவ்வளவு?" டீச்சர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர் மாதிரி. அம்பாசமுத்திரம் பக்கம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் வரலாறு எடுத்தவராம். "ஆறு போட்டுக்கோங்க சிஸ்டர். பத்துங்கிறது நான் என் சர்வீஸ்ல யாருக்கும் போட்டதில்ல. ஆறு வாங்கினவ ஸ்கூல் ஃபர்ஸ்ட்." ரெக்ஸலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜைக்குப் போய் மற்றவளிடமும் சொல்லிச் சிரித்தாள். அங்கேதான் கோணிப் போயிற்று, அந்த இடத்தில்தான். இவ்வளவு ஜோக் அடிக்கிறவருக்கு என்ன பெரிய வலி இருந்துவிடப் போகிறது என்று ஒரு எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவர் ஜோக் அடிக்கவே இல்லை. பத்துக்கு ஆறு என்றால் அவர் கணக்கில் அதற்கு மேலே வலி இல்லை. பள்ளிக்கூடத்திலேயே முதல் வலி. அதை இப்போது, இரண்டு நாள் கழித்து, ஸ்டூலில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறாள் இந்த மகாராணி. எவ்வளவு கெட்டிக்காரி!

நேற்று முழுக்க டீச்சரின் மணி அடித்தது. நான்காம் கட்டில் விளக்கு, நான்காம் கட்டில் விளக்கு. போனால், "வலிக்கும்மா, ஏதாவது குடுங்களேன்." அவள் என்ன சொன்னாள்? வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது, மறக்க நினைக்கிறதுதான் அச்சடித்த மாதிரி நிற்கும். "எலும்ப அறுத்து வச்சிருக்கு டீச்சர், வலிக்கத்தானே செய்யும்." எப்படிப்பட்ட ஆறுதல்! அத்தோடு விட்டாளா? பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். ஐந்தாம் கட்டிலில் முப்பிடாதி அம்மா, பீடி சுற்றுகிறவர், கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்து, அரசுக் காப்பீட்டுக் கார்டில், காசு கட்டாமல் வந்து அதே மூட்டு மாற்றி ஐந்து நாள் ஆகிறது. தங்கமான பேஷண்ட். மணி என்று ஒன்று தலைமாட்டில் தொங்குவதே அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. போய் நின்றால் "ஒண்ணுமில்ல தாயி, நல்லாருக்கேன், நீ போயி மத்தவங்களப் பாரு" என்பார். இன்று காலையில் டீச்சர் திரும்பவும் மணி அடித்தபோது ரெக்ஸலின் திரைச்சீலையை விலக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "பக்கத்து பெட்டப் பாருங்க டீச்சர். உங்களவிட வயசு கூட. ஒரு சத்தம் உண்டா?" டீச்சர் வகுப்பில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி முகம் சிவந்து, பிறகு கூரையைப் பார்த்தார். அதற்கப்புறம் பதினொன்றரை மணி வரை மணி அடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அந்த அப்பாடாவை இப்போது நினைத்தால் உடம்பு கூசியது. மூன்று மணி நேரம் ஒரு மனுஷி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், இவளுக்கு அப்பாடாவாம்.

மணி இரண்டு ஐம்பத்து மூன்று. டீச்சரின் வலது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன, ஆனால் முன்னைக்கு இப்போது சற்றுத் தேவலை என்று பட்டது, அல்லது அவளுக்கு அப்படிப் பட வேண்டியிருந்தது. இதுதான் பயம், இனிமேல் தான் பார்ப்பது எதையும் நம்ப முடியாது போலிருந்தது. காலை ஏழே முக்காலுக்கு டாக்டர் இளங்குமரன் வந்தார், அட்டையைத் திருப்பினார், ஆறு மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்தார். "சூப்பரா இருக்கே டீச்சர்! வலிக்குப் போடுற பெரிய ஊசிய நிறுத்திரலாம், மாத்திர போதும், இன்னைக்கு நடக்கணும்." டீச்சர் என்னமோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவர் ஐந்தாம் கட்டிலுக்குப் போய்விட்டார். எட்டேகாலுக்கு ரெக்ஸலின் அட்டையை எடுத்து, இன்றைக்கு உள்ள கட்டங்களில், இரத்த அழுத்தம் எழுதிய கையோடு, பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் சேர்த்து மூன்று மூன்று போட்டு வைத்தாள். இன்னும் வராத மணிக்கு, இன்னும் வராத வலிக்கு. நடக்க விடுவதற்கு அரைமணி முன்னால் வலிக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும், அதுவும் சுவரில் இருக்கிறது. மூன்று போட்டவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். பதினொன்றரைக்குப் பயிற்சி கொடுக்கிற தம்பி வாக்கரைக் கொண்டுவந்து வைத்தான். முதல் எட்டு வைத்தார். இரண்டாவது எட்டில் டீச்சர் போட்ட சத்தம் இருக்கிறதே, அது தொண்டையிலிருந்து வந்ததில்லை. அந்தத் தம்பி நல்லவன்தான், தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "மூணு மார்க்குக்கே இப்படியா டீச்சர்?" என்றான். வார்டு சிரித்தது. ரெக்ஸலினும் சிரித்தாள். ஆமாம், சிரித்தாள், இல்லை என்று யாரிடம் சாதிக்க? டீச்சர் உட்கார்ந்துவிட்டார், மாட்டேன் என்றுவிட்டார், முப்பத்து நான்கு வருஷம் வகுப்பை ஒரு பார்வையில் அடக்கியவர் எல்லோர் முன்னிலும் அழுதார். அவன் ஃபைலில் எழுதிவிட்டுப் போனான், நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று. நாளைப்பின்னே இந்த ஃபைலோடு வீட்டுக்குப் போவார், அடுத்த டாக்டர் பார்ப்பார், அவரைப் பார்த்துக்கொள்கிற தங்கச்சி மகன் பார்ப்பான், ஒத்துழைக்கவில்லை. நடக்காமலே கிடந்து கால் இறுகிப் போனாலும், அவர் ஒத்துழைக்கவில்லை. அவர்தான் காரணம். மூன்றுதானே வலி.

நர்சிங் ரெண்டாம் வருஷப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. வலி என்றால் என்ன, ஐந்து மதிப்பெண். நோயாளி எவ்வளவு இருக்கிறது என்கிறாரோ அவ்வளவுதான் வலி, அவர் இருக்கிறது என்கிற இடத்தில்தான் வலி என்று நீட்டி முழக்கி, அடிக்கோடு வேறு போட்டு எழுதினாள். ஐந்துக்கு ஐந்து. டீச்சர் திருத்தியிருந்தால் மூன்று போட்டிருப்பார். மூன்று, மூன்று, எங்கே சுற்றினாலும் இந்த முட்டுச் சந்துக்கே வந்து நிற்கிறதே! போன வாரம் அவளுக்குக் குதிகால் வலி. நாள் முழுக்க நின்று நின்று வந்த வலி, காலையில் தரையில் காலை வைத்தால் ஆணி ஏறுகிற மாதிரி. இளங்குமரன் சாரிடம் போய்க் காட்டினாள். "எவ்வளவு இருக்கும்?" என்றார். யோசிக்கவே இல்லை, "எட்டு சார்" என்றாள். குதிகாலுக்கு எட்டு! எலும்பை அறுத்துப் புது மூட்டு வைத்துக்கொண்டவருக்கு மூன்று! அவர் அவளைக் கேள்வி கேட்டாரா, எட்டுக்கெல்லாம் இப்படியா என்றாரா? மாத்திரை எழுதிக் கொடுத்தார், மூன்று நாள் உட்கார்ந்து வேலை பார் என்றார். நம்பினார். நம்பப்படுவது அவ்வளவு சுலபமாக இருந்தது, அதனால் அது ஒரு பொருளாகவே அவளுக்குத் தெரியவில்லை. சரி, இதெல்லாம் இருக்கட்டும், ஏன் மூன்று? இரண்டு போட்டிருக்கலாம், நான்கு போட்டிருக்கலாம், விரல் ஏன் மூன்றுக்கே போயிற்று? அதற்குப் பதில் அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதால்தான் அந்தப் பக்கம் போகாமல் நினைப்பைத் திருப்பித் திருப்பி விட்டாள், குதிகால், பரீட்சை, கோயில் என்று. ஐஸ் கரைந்து துண்டு வழியாக ஒரு சொட்டு படுக்கையில் விழுந்தது. மடித்து ஒற்றியெடுத்தாள். மணி மூன்று.

எழுதியதை அடித்துவிட்டால்? அடிப்பதற்கும் முறை இருக்கிறது. கிறுக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, ஒரே ஒரு கோடு, கீழே இருக்கிறது படிக்கிற மாதிரி, பக்கத்தில் கையெழுத்தும் மணியும். அதாவது தப்பும் தெரிய வேண்டும், தப்பைச் செய்தது யார் என்றும் தெரிய வேண்டும். மேட்ரன் ஏற்கெனவே சித்திரையில் ஒரு மெமோ கொடுத்திருக்கிறார், சலைன் பாட்டில் தீர்ந்து ரத்தம் குழாயில் ஏறியதைக் கவனிக்கவில்லை என்று. இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான். வீட்டில் புருஷன் கிறிஸ்டோபர், வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால், ஆறு மாதமாக உட்கார்ந்திருக்கிறான். எதிர்வீட்டு அக்கா கேட்பாள், ஏன்ட்டி வேலைக்குப் போகலையா என்று. இளங்குமரன் சார் மூன்றரைக்கு வந்துவிடுவார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன? ஊசிதான் போட்டாயிற்றே. ட்யூட்டி டாக்டருக்குப் போன் போட்டு, "நாலாம் பெட்டுக்கு ஏழு சொல்லுதாங்க டாக்டர்" என்று இரண்டரைக்கு அவள்தானே ஊசி கேட்டு வாங்கினாள், அந்த அழுகை காதை விட்டுப் போகாமல் டீச்சரிடம் போய்க் கேட்டுவிட்டு. அதுவே பரிகாரம் இல்லையா? காலையில் மூன்று, மத்தியானம் ஏழு, வலி திடீரென்று கூடிவிட்டது, நடக்கப் பார்த்ததில் கூடியிருக்கும், யாருக்கு என்ன தெரியும். நடந்ததில் கூடியது. ஒத்துழைக்காததில் கூடியது. சீ! எவ்வளவு சாமர்த்தியமாக இந்தப் புத்தி அந்தப் பாவப்பட்ட ஜென்மத்தின் தலையிலேயே திரும்பக் கொண்டுபோய் வைக்கிறது பாருங்கள். தன் மீதே அவளுக்கு அருவருப்பாக வந்தது. ஆனாலும் பயம் போகவில்லை, அருவருப்பும் பயமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு மணி அடித்துக்கொண்டிருந்தன.

"சிஸ்டர்." டீச்சர் கண்ணைத் திறந்திருந்தார். கம்பியைப் பிடித்த கை இறங்கி மெத்தையில் கிடந்தது. மூன்று எட்டு ஆகியிருந்தது. "போகலையா நீங்க? அங்க வேல கெடக்குமே."

"இருக்கட்டும் டீச்சர். மூணு பத்துக்கு உங்கள்ட்ட கேக்கணும்."

"கேளுங்க."

"இப்ப வலி எவ்வளவு டீச்சர்? பத்துக்கு?" இரண்டு நாளில் இதே கேள்வியை எத்தனை தடவை கேட்டதாக எழுதியிருக்கிறாள்! கேட்டால் இவ்வளவுதான், ஒரு வாக்கியம், மூச்சு விடுகிற நேரம்.

"நாலு," என்றார் டீச்சர். "நிசமாவே நாலு. கொறஞ்சிருக்கு. காலையில பத்து." சற்று நிறுத்தினார். "போட்டேன் பாத்தியளா, வாழ்க்கையிலேயே முதல் பத்து."

ரெக்ஸலின் எழுதினாள். நான்கு கோணலாக வந்தது. டீச்சர் எழுதுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "எட்டேகாலுக்கு நீங்க ரெண்டு மணிக்கு உள்ளத எழுதினத நான் பாத்தேன். நேத்து உள்ளதும் ஒரே மை, ஒரே சாய்வு. எத்தன பிள்ளைய காப்பியடிச்சத நான் பிடிச்சிருப்பேன், இது தெரியாதா? டாக்டர்ட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நடக்கச் சொன்னப்ப அழுதுட்டனா, அழுதவ சொன்னா யாரு நம்புவா? அதான் சொல்லல. இப்ப ஒண்ணே ஒண்ணு தெரியணும். ஏம்மா மூணு?"

வந்துவிட்டது. எந்தப் பக்கம் போகாமல் இருபத்தெட்டு நிமிஷம் சுற்றி வந்தாளோ அந்த வாசலில் டீச்சரே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பொய் சொல்லலாம். ஞாபகமில்லை எனலாம். குத்துமதிப்பு எனலாம். ரெக்ஸலின் ஐஸ் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாலு போட்டா டாக்டருக்குச் சொல்லணும் டீச்சர். ஊசி போடணும். அர மணி நேரம் கழிச்சுத் திரும்ப வந்து கேக்கணும், திரும்ப எழுதணும். பூஜ்யம் ஒண்ணுன்னு போட்டா, ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு எப்படி இவ்வளவு கொறைச்சல்னு கேப்பாங்க. மூணுதான்..." ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள். "மூணு போட்டா ஒண்ணுமே செய்ய வேண்டாம். அதான்."

காற்றாடி சுற்றியது. வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று சத்தமில்லாமல் வந்து நின்றது. "அப்ப அது என்னோட வலிக்குப் போட்ட மார்க்கு இல்ல," என்றார் டீச்சர் கடைசியில். "உங்க வேலைக்குப் போட்ட மார்க்கு." மன்னித்தேன் என்று சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, தலையைத் திருப்பி, தண்ணீர் வேண்டும் என்றார். ரெக்ஸலின் ஸ்ட்ராவை வளைத்து வாயில் வைத்தாள். டீச்சர் மெதுவாக உறிஞ்சினார். அவள் அழவில்லை. அழுதால் டீச்சர் சமாதானம் சொல்ல வேண்டி வரும், வலியில் கிடக்கிறவரிடம் அதையும் பிடுங்கிக்கொள்வது நியாயமில்லை என்று இருந்தது. தம்ளரை வைத்துவிட்டு அட்டையைக் கழற்றி மடியில் வைத்தாள். யோசித்தால் கை நின்றுவிடும். நேற்றைய பத்து மணி, ஒரு கோடு. இரண்டு மணி, ஒரு கோடு. ஆறு மணி. இன்றைய பத்து, இன்றைய இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்து, மணி. இராத்திரி போட்டவளின் மூன்றைத் தொடவில்லை, அது அவளுடைய பாடு. குறிப்பு எழுதுகிற இடத்தில் பேனாவை வைத்தபோதுதான் இதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்பது உறைத்தது. ஃபைல் முழுக்க இங்கிலீஷ், பத்து வருஷமாக எழுதுகிற வாக்கியங்கள், நோயாளி சௌகரியமாக இருக்கிறார், நோயாளி நன்றாகத் தூங்கினார், இதற்கு அதில் ஒரு வாக்கியம் கிடையாது. தமிழிலேயே எழுதினாள். நோயாளியிடம் கேட்காமல் நான் எழுதியது. ரெக்ஸலின்.

டாக்டர் மூன்று முப்பத்தைந்துக்கு வந்தார். அட்டையை எடுத்தார். புரட்டப் போன விரல் நின்றது. "என்னது இது?" என்றார். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள், குதிகால் சுருக்கென்றது. "நான் கேக்காமலே போட்டது சார், அஞ்சும். டீச்சருக்கு நேத்துல இருந்தே வலி அதிகம். நடக்க முன்னாடி மருந்தும் குடுக்கல. அவங்க ஒத்துழைக்காம இல்ல சார், நாந்தான்." சொல்லி முடித்ததும் நிம்மதி வரும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. வரவில்லை. டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, காலையில் நிறுத்திய ஊசியைத் திரும்ப எழுதினார். ஃபைலைப் புரட்டி, ஒத்துழைக்கவில்லை என்று இருந்த வரியை ஒரே கோடாக அடித்துக் கையெழுத்துப் போட்டார். "சாரி டீச்சர்," என்றார் மெதுவாக, "நாளைக்கு மருந்து குடுத்துட்டு நடக்கலாம்." பிறகு, திரும்பாமலே, "நாலு மணிக்கு மேட்ரன் ரூமுக்கு வந்துருங்க ரெக்ஸலின்." சரி சார் என்றாள். டீச்சர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் மதிப்பிட முடியவில்லை, மதிப்பிட இனி தனக்கு உரிமையும் இல்லை என்று பட்டது.

டாக்டர் திரைச்சீலையை விலக்கி ஐந்தாம் கட்டிலுக்குப் போனார். அவளும் போனாள், ரவுண்ட்ஸ் என்றால் நர்ஸ் கூடப் போகத்தான் வேண்டும். அவர் முப்பிடாதி அம்மாவின் அட்டையை எடுத்தார். மூன்று, மூன்று, மூன்று. ஐந்து நாளாக மூன்று. அட்டையை அவளிடம் நீட்டினார். ரெக்ஸலின் வாங்கினாள். அரைமணி நேரம் ஒரு கட்டிலுக்காக உட்கார்ந்து, ஒரு கட்டிலுக்காக வெந்து, ஒரு கட்டிலுக்காகக் கோடு போட்டு அடித்தாள், மணி அடித்தவருக்காக. மணி அடிக்காத இருபத்தொரு கட்டிலும் அவள் நினைப்பில் வரவே இல்லை. முப்பிடாதி அம்மா வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தார். கை போர்வை ஓரத்தை, பீடி இலையைச் சுருட்டுகிற மாதிரி, சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. ஐந்து நாளும் அப்படித்தான் சுருட்டினார், எல்லோரும் அதைத் தொழில் பழக்கம் என்று நினைத்தார்கள்.

ரெக்ஸலின் குனிந்தாள். "அம்மா, உங்களுக்கு எவ்வளவு வலிக்கு? பத்துக்கு எவ்வளவு?"

அந்த அம்மா முதலில் டாக்டரைப் பார்த்தார். பிறகு தலைமாட்டில் ஒட்டியிருந்த காப்பீட்டுச் சீட்டைப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குரலைத் தாழ்த்தி, யாருக்கும் இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்கிற மாதிரி கேட்டார்.

"கார்டுல வந்தவ ஒம்பதுன்னு சொல்லலாமா, தாயி?"